பொதுப்பணத்தில் மீண்ட கார் நிறுவனத்தில் வேலைநிறுத்தம் செய்யலாமா?

மாங்குளம் கராஜ்:
வணக்கம். கனடாவின் ஒசாவாவில் உள்ள கார்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் சித்தப்பா, 2023 ஒக்ரோபரில் ஜெனரல் மோட்டர்ஸ் கனடாவில் ஒரு நாள்கூட நீடிக்காமல் வென்ற வேலைநிறுத்தத்தை இன்றும் பெருமையாகச் சொல்வார். 2009 இல் அமெரிக்க, கனடிய அரசுகள் வரிப்பணத்தைக் கொட்டித் தூக்கிவிட்ட நிறுவனத்தில் சம்பளம் போதாதென்று வாசலை மறிப்பது நன்றிகெட்ட வேலை இல்லையா என்று நேற்றுக் கேட்டேன். "உனக்குப் பாதிக் கதைதான் தெரியும்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். மீதிக் கதை என்ன?

கனகராயன்:
தம்பி, மீதிக் கதை தொழிலாளர் கொடுத்த விலை. 2008 நவெம்பரில் ஜெனரல் மோட்டர்ஸ், போர்ட், கிறைஸ்லர் ஆகிய மூன்று பெரிய அமெரிக்கக் கார் நிறுவனங்களின் தலைவர்களும் தனி விமானங்களில் வொஷிங்டனுக்கு வந்து உதவி கேட்டார்கள். டிசெம்பரில் புஷ் அரசு 17.4 பில்லியன் டொலர் கடனை அறிவித்தது. 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டர்ஸ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. அந்த மீட்புக்காக அமெரிக்கத் தொழிற்சங்கம், விலைவாசி ஏற ஏறச் சம்பளத்தோடு கூடும் வாழ்க்கைச் செலவுப்படியை விட்டுக்கொடுத்தது. ஜெனரல் மோட்டர்ஸிலும் கிறைஸ்லரிலும் 2015 வரை வேலைநிறுத்தம் செய்வதில்லை என்றும் ஒப்புக்கொண்டது. கனடாவிலும் சம்பளம் உறைந்தது. அமெரிக்காவில் 2007 உடன்படிக்கையில் நுழைந்த இரட்டைச் சம்பள முறையால், ஒரே வரிசையில் நின்று ஒரே கதவைப் பூட்டும் இருவரில் புதியவருக்குப் பழையவரின் கூலியில் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்தது. 2023 செப்ரெம்பர் 15 அன்று அமெரிக்காவில் மூன்று நிறுவனங்களிலும் ஒரே வேளையில் தொடங்கி ஆறு கிழமை நீடித்த போராட்டத்தின் முடிவில் 25 சதவீதச் சம்பள உயர்வோடு அந்தப் படியும் திரும்பி வந்தது. கடன் நெருக்க, களத்திலேயே நெல்லை அரைவிலைக்குக் கொடுத்தவன் அடுத்த போகத்தில் சரியான விலை கேட்டால் அவனை நன்றிகெட்டவன் என்பீர்களா?

பரந்தன் சந்தி:
அரசு தூக்கிவிட்டதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. எங்கள் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரில் நின்றபோது காஸ்ரிக் சோடாவும் குளோரீனும் மட்டும் நிற்கவில்லை. அப்பாவின் சம்பள நாளை நம்பிச் சாமான் கொடுத்த கடைக்காரரும் கடன் கொப்பியை மூடிவிட்டார். அந்த மீட்புக் கடனை வாங்காத போர்ட் நிறுவனமே மற்ற இரண்டையும் காப்பாற்றச் சொன்னதற்குக் காரணம், மூவருக்கும் உதிரிப்பாகம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்கள் என்பதுதான்.

புளியங்குளத்தான்:
கனகராயன் அண்ணை ஒன்றை விட்டுவிட்டார். ஜெனரல் மோட்டர்ஸில் போட்ட பணத்தில் அமெரிக்க அரசுக்கு ஏறத்தாழ 11 பில்லியன் டொலர் திரும்பவில்லை. கனடா தன் கடைசிப் பங்குகளை 2015 இல் விற்றது. 2019 டிசெம்பரில் அதே நிறுவனம் ஒசாவாவில் வாகனம் பொருத்துவதை நிறுத்தியது. பணம் கொடுத்தபோதே, எத்தனை ஆண்டுக்கு ஆலையை மூடுவதில்லை என்பதைக் கறாராக எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

மாங்குளம் கராஜ்:
எல்லோருக்கும் நன்றி. ஒசாவாவில் 2021 நவெம்பரில் மீண்டும் உற்பத்தி தொடங்கும்வரை சித்தப்பா ஒரு களஞ்சியத்தில் இரவு வேலை செய்திருக்கிறார். கராஜுக்குக் கார் தூக்கும் ஜக் வாங்க அவர் காசு அனுப்பியதும் அந்த நாட்களில்தான் என்று சித்தி இன்று காலை சொன்னார்.