அப்டேட்: டிப்ஸ்டிக்ல ரெண்டு பக்கமும் வேற வேற லெவல் காட்டுன விஷயம்

கார் இன்ஜின் ஆயில் அளவு பாக்குற குச்சி, அதான் டிப்ஸ்டிக்க இழுத்தா ஒரு பக்கம் மேக்ஸ் (அதிகபட்ச அளவு) கோடு கிட்டயும் இன்னொரு பக்கம் பாதியும் காட்டுது, எத நம்புறதுன்னு கேட்டிருந்தேன்ல, இப்ப தெளிவாயிடுச்சு. குச்சி சொருகுற டியூப் உள்சுவர்ல ஒட்டியிருக்குற ஆயில் குச்சியில இழுபட்டு ஒரு பக்கம் மட்டும் மேல வரைக்கும் தடவிடுது, அதனால ரெண்டுல கம்மியா காட்டுற பக்கத்ததான் எடுத்துக்கணும், அதுவும் திட்டுத்திட்டா இல்லாம முழு அகலத்துக்கும் ஆயில் படிஞ்சிருக்குற எடம் வரைக்கும்தான் கணக்கு.

வண்டிய சமதரையில விட்டு ராத்திரி பூரா நிறுத்தி, காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பார்த்தேன், டியூப்ல இருந்ததெல்லாம் கீழ வடிஞ்சிருந்ததால ரெண்டு பக்கமும் ஒரே கோடு. சில இன்ஜினுக்கு சூடா இருக்கும்போதுதான் பாக்கணும்னு மேனுவல்ல போட்டிருப்பாங்க, அப்ப ஆஃப் பண்ணி அதுல சொன்ன நேரம் வெயிட் பண்ணி, தொடச்சு, கடைசி வரைக்கும் அழுத்தி சொருகி எடுங்க.

புது ஆயில் கண்ணுக்கே தெரியாது, குச்சிய படுக்கவச்சு வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா அந்த மினுமினுப்பு எங்க முடியுதுன்னு தெரியும். முனை மேல பாக்குற மாதிரி நிமிர்த்தி மட்டும் பிடிக்காதீங்க, ஆயில் பின்னாடி ஓடி தப்பா காட்டும்.

மேக்ஸ தாண்டி ஊத்தவே ஊத்தாதீங்க ப்ளீஸ், ரொம்ப அதிகமானா இன்ஜின் உள்ள சுத்துற கிரான்க்ஷாஃப்ட் தண்டு ஆயில அடிச்சு நுரையாக்கிடும், ஆயில் பிரஷர் விழும். நிறைய கார்ல மினிமம் கோட்டுக்கும் மேக்ஸ் கோட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட 1 லிட்டர்தான், கொஞ்சங்கொஞ்சமா ஊத்தி பாருங்க.