மக்காச்சோளம்: அறுவடையோடு விற்பதா, கிடங்கு ரசீதின் மேல் கடன் வாங்கிக் காத்திருப்பதா?

வரப்போரம்:
உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களான எஃப்.பி.ஓ.க்கள் மக்காச்சோளத்தை வரத்து குவியும் வாரங்களிலேயே தள்ளிவிடுகின்றன. விலை அடிமட்டத்தில் கிடப்பதும் அப்போதுதான். கிடங்கு ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கிடங்கில் வைத்தால் மின்னணு ரசீது கிடைக்கும். அதன் மேல் வங்கி கடன் தருகிறது. அந்தக் கடன்களுக்கென்றே 1,000 கோடி ரூபாயில் கடன் உத்தரவாதத் திட்டத்தை 2024 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கியது. எஃப்.பி.ஓ. வாங்கும் 2 கோடி வரையிலான கடனுக்கு உத்தரவாதம் உண்டு. இன்னும் ஏன் தயக்கம்?

கூட்டல்கழித்தல்:
செலவை எழுதிப் பார்த்தால் தெரியும். குவிண்டால் 2,200 ரூபாய், கடன் சரக்கு மதிப்பில் 70 சதவீதம், ஆண்டு வட்டி 10 சதவீதம், இருப்பு நான்கு மாதம் என்று வைப்போம். வட்டி 51 ரூபாய். 50 கிலோ மூட்டைக்கு மாத வாடகை 6 ரூபாய் என்றால் குவிண்டாலுக்கு 48. ஏற்றி இறக்க 40. தரப் பரிசோதனை, காப்பீடு, ரசீதுக் கட்டணம் 15. எடைக் குறைவு ஒன்றரை சதவீதம் என்றால் 33. ஆக 187 ரூபாய். விலை 2,387 ஆனால்தான் கைக்கு நட்டமில்லை. கடனில் வராத 660 ரூபாய்க்காக விவசாயி வெளியில் இரண்டு வட்டிக்கு வாங்கினால் இன்னொரு 53 சேரும்.

வரப்போரம்:
சிறு, குறு விவசாயிக்கு 10 சதவீதம் எதற்கு? கிசான் கடன் அட்டை உள்ளவர் ரசீதை அடகு வைத்தால், அறுவடைக்குப் பிறகும் ஆறு மாதம் வரை வட்டி மானியம் உண்டு. 7 சதவீதத்தில் 51 ரூபாய் 36 ஆகிவிடும்.

கூட்டல்கழித்தல்:
அதற்கு ரசீது விவசாயி பெயரில் இருக்க வேண்டும், நிறுவனத்தின் பெயரில் அல்ல. பத்துப் பத்து குவிண்டாலாகத் தனித்தனி அடுக்கு, தனித்தனி பரிசோதனை என்று போனால், வட்டியில் மிச்சமான 15 ரூபாயைக் கூலியும் கட்டணமும் தின்றுவிடும். தீவன ஆலை கேட்பது ஒரே தரத்தில் முழு லோடு. அதற்காகத்தானே நிறுவனமே தொடங்கினோம்?

ஈரப்பதமானி:
இருவரும் வட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த இருப்பு கெடுவது பெரும்பாலும் ஈரத்தால். 18 சதவீத ஈரத்தில் வந்த 100 குவிண்டாலை 13க்குக் காயவைத்தால் 94.25 குவிண்டால்தான் மிஞ்சும். அந்த இழப்புக்கு மனம் வராமல் 15, 16லேயே மூட்டை கட்டுகிறார்கள். மேல் மூட்டையில் குத்தி மாதிரி எடுத்தால் 13 காட்டும். அடுக்கின் நடுவில் சூடேறி, பூஞ்சணம் பிடித்து, அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சண நச்சு கூடியிருக்கும். கோழித்தீவன ஆலை அந்த லோடை வாசலிலேயே திருப்பிவிடும்.

வரும்போதே எல்லாப் பக்கத்து மூட்டைகளிலும் குத்தூசியால் மாதிரி எடுங்கள். அடியில் மரச்சட்டம் போடுங்கள், சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். வண்டு தெரிந்தால் அலுமினியம் பாஸ்பைடு புகைமூட்டம் போடலாம். டன்னுக்கு மூன்று மாத்திரை, காற்றுப் புகாத உறைக்குள் குறைந்தது ஐந்து நாள். அதற்கு அனுமதி பெற்ற ஆள் மட்டுமே கைவைக்க வேண்டும். அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

கூட்டல்கழித்தல்:
நான் சொல்வதும் அதுதான். மத்திய அரசின் 10,000 எஃப்.பி.ஓ. திட்டத்தில் பங்கு மூலதனத்துக்கான மானியம் உச்சபட்சம் 15 லட்சம். அந்தச் சொற்ப மூலதனத்தை இருப்பில் முடக்காமல் உலர் களத்திலும் உலர்த்தும் இயந்திரத்திலும் போடுங்கள். காய்ந்து, சலித்த சரக்குக்கு ஆலை ஈரத்துக்கென்று விலையில் கழிவு பிடிக்காது. அந்த லாபம் நிச்சயமானது, விலை ஏற்றம் அப்படியல்ல. 2024 ஜூனில் 15 சதவீதச் சலுகை வரியில் ஏறத்தாழ 5 லட்சம் டன் மக்காச்சோளம் இறக்குமதிக்கு அரசு அனுமதி தந்தது. அப்படி ஓர் அறிவிப்பு வந்து விலை 1,900க்கு இறங்கினால், வங்கி கடனை அந்த விலையில் 70 சதவீதமான 1,330க்குக் குறைக்கச் சொல்லும். 1,000 குவிண்டால் வைத்திருப்பவர் 2.1 லட்சத்தைச் சில நாளில் கட்ட வேண்டும். கட்ட முடியாதவரின் சரக்கை அந்த விழுந்த விலைக்கே வங்கி விற்கும்.

வரப்போரம்:
உலர் களம் முதலில் என்பதை ஏற்கிறேன். ஆனால் களம் இருந்தும் மொத்தத்தையும் அன்றே விற்றால், அடுத்த ஆண்டும் ஆலை சொல்வதுதான் விலை. மூன்றில் ஒரு பங்கையாவது வைத்திருக்கலாம். கடனையும் 70க்குப் பதில் 55 சதவீதத்தோடு நிறுத்தினால், 1,900க்கு இறங்கினாலும் வங்கி கூப்பிடாது.

கூட்டல்கழித்தல்:
55 சதவீதம் சரியான யோசனை. இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரசீதில் காலாவதித் தேதி இருக்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே விற்று முடிக்கும் தேதியை இயக்குநர் குழு தீர்மானமாக எழுதட்டும். எந்த விலை வந்தால் உடனே விற்பது என்பதையும் அதே தீர்மானத்தில், சரக்கு கிடங்குக்குள் போவதற்கு முன்பே குறித்துவிடுங்கள்.