செறிவா, இருப்பா?

அன்பர்களே, வணக்கம்.

உயிரணுவுக்குள் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதைக் குறிக்க வந்த 'உயிரணுவக மருந்தளவு' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. மருந்தளவு என்றால் நம் மக்களுக்கு எத்தனை மாத்திரை என்பதுதான். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் அத்தைக்கு மாற்றுச் சிறுநீரகம்; அதை உடல் தாக்காமலிருக்க டாக்ரோலிமஸ் என்ற மருந்து சாப்பிடுகிறார். பரிசோதனைத் தாளைப் பார்த்து "மருந்தளவு கூடியிருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். மாத்திரையைக் கூட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து, அன்றிரவு இன்னொன்று போடப் போனார். நல்லவேளை, பார்த்துவிட்டேன்.

'செறிவு' வழக்கமான சோதனைக்குச் சரி. காலை மாத்திரைக்கு முன் இரத்தம் எடுத்து, மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம் என்று பார்க்கிறார்கள். ஆனால் இரத்தத்தில் இருக்கும் டாக்ரோலிமஸில் பெரும்பகுதி சிவப்பணுக்களில் ஒட்டிக் கிடக்கிறது. அது வேலை செய்ய வேண்டிய இடமோ டி நிணவணு என்ற வெள்ளையணு வகை. அங்கே அந்த அணுவைத் தூண்டிவிடும் கால்சிநியூரின் நொதியைத் தடுத்தால்தான் புது உறுப்பின் மீது தாக்குதல் குறையும். அந்த அணுவின் சவ்வில் மருந்தை வெளியே தள்ளும் ஒரு புரதமும் உண்டு. அதனால் இரத்தத்தில் ஒரே எண் காட்டும் இருவருக்கு உள்ளே இருப்பது வேறாகலாம்.

ஆய்வுகளில் இதை அளக்க, இரத்தத்தை அடர்கரைசல் மேல் விட்டுச் சுழற்றி, நிணவணுக்கள் அடங்கிய வெள்ளையணுப் படலத்தைப் பிரித்து எண்ணுகிறார்கள். பிரிக்கும்போதே மருந்து கசிந்துவிடாதபடி குளிரில் வைக்க வேண்டும். பெரும்பாலும் கிடைக்கும் விடை, பத்து லட்சம் அணுக்களில் இத்தனை பிக்கோகிராம் என்பது. மில்லிலிட்டர் கணக்கிலேயே வராத இடத்தில் செறிவு என்ற சொல் பொருந்தாது. சரக்கு எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று கேட்கிறோம். அதற்குக் கடைக்கணக்கின் 'இருப்பு' போதும்.

அப்புறம், உயிரணுவுக்குள் என்பதை 'அணுவுள்' என்று சுருக்கினால் காதில் அணுவுலை விழுகிறது. சிவப்பணு, வெள்ளையணு பழகிய சொற்கள், இருக்கட்டும். புதுச்சொல்லுக்கு இலங்கைப் பாடநூல்களின் 'கலம்' எடுத்து, 'கலத்துள் மருந்திருப்பு' என்கிறேன்.

டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளுக்கு 'நோயெதிர்ப்பு ஒடுக்கி' என்ற பெயரும் வேண்டாம். ஒடுக்குமுறைக்கு இந்த நாட்டில் வேறு நினைவுகள் உண்டு. அதோடு, எதிர்ப்பை முழுக்க ஒடுக்குவது நோக்கமும் அல்ல. 1967-ல் கேப் டவுனில் மனித இதயம் பொருத்தப்பட்ட முதல் நோயாளி, எதிர்ப்பாற்றல் இம்மாதிரி மருந்துகளால் தளர்ந்திருந்த நிலையில் நிமோனியா வந்து 18 நாளில் இறந்தார். 'எதிர்ப்புத் தணிப்பி' எனலாம்.

அத்தையிடம் 'மருந்திருப்பு' என்று சொல்லிப் பார்த்தேன். "உள்ளே எவ்வளவு நிக்குதுன்னு பாக்குறதா?" என்றார். ஆய்வகத்தில் இருப்பவர்கள் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.