ஒதுக்கீடு, பாத்தீடு, அளவுமீறல்: கர்னல் வகுப்புக்குச் சொல் தேவை

மாலை வகுப்பு ஆசிரியர், கிண்டி:
வணக்கம். வியாழக்கிழமை லினக்ஸ் கர்னலின், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதியின், கோப்பு முறைமைப் பகுதியை நடத்துகிறேன். கர்னலுக்குள் நினைவகம் கேட்டு வாங்கும் செயற்கூறுகளில் ஒன்று கேமலாக் (kmalloc). அது தரும் நினைவகம் ரேமில் இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து இருக்க வேண்டும். பக்கம் எனப்படும் 4 கேபி துண்டுகள் ஒன்றிரண்டு என்றால் கிடைத்துவிடும், 32 கேபியைத் தாண்டினால் ரேம் காலியாக இருந்தாலும் சிதறிக் கிடப்பதால் கிடைக்காமல் போகலாம். அப்போது விமலாக் (vmalloc) என்ற இன்னொரு செயற்கூறு, சிதறிய பக்கங்களை முகவரியில் மட்டும் தொடராகக் காட்டும். 2017-இல் கர்னலின் 4.12 பதிப்பில் வந்த கேவிமலாக் (kvmalloc), முதலில் கேமலாக் வழியையும் முடியாவிட்டால் விமலாக் வழியையும் முயல்கிறது. இப்படி நினைவகம் தருவதை ஆங்கிலத்தில் அலொகேஷன் என்கிறோம், தமிழில் இதற்கெல்லாம் என்ன சொல்லலாம்? ஒதுக்கீடு என்றாலே மாணவர்களுக்கு இட ஒதுக்கீடுதான் நினைவுக்கு வருகிறது.

தமிழாசிரியர், மயிலாப்பூர்:
ஒதுங்கு தன்வினை, ஒதுக்கு பிறவினை. ஓரமாகத் தள்ளுவதுதான் அதன் அடிப்பொருள், பங்கு தருவது அல்ல. பகு என்ற வேரைப் பாருங்கள். பாத்து என்றால் பகுத்து. குறளில் வரும் பாத்தூண் பகுத்துண்பதுதானே? வயலில் கட்டும் பாத்தியும் அங்கிருந்து வந்ததுதான். பாத்தீடு என்று வையுங்கள். நம் வேர் நம்மிடம் இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்?

கர்னல் பொறியாளர், பெருங்குடி:
ஐயா, வேர் அழகுதான். ஆனால் நடுராத்திரி சர்வர் பதிவில் 'பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர்' வந்தால் பாத்தீடு என்று யாரும் தேட மாட்டார்கள், ஒதுக்கீடே இருக்கட்டும். எனக்குக் கவலை வேறு. இங்கே தோல்வி இரண்டு வகை. ரயிலில் ஆறு பேருக்கு அடுத்தடுத்த பெர்த் இல்லை என்றால் வேறு வேறு பெட்டிகளில் போட்டுத் தருவார்கள், அது கேவிமலாக். ஆனால் ஒரே டிக்கெட்டில் ஏழாவது பெயரை எழுதவே முடியாது. அதேபோல 5.15 பதிப்பிலிருந்து, 2 ஜிபியைத் தாண்டிக் கேட்டால் கேவிமலாக் எச்சரித்துவிட்டு மறுத்துவிடும். பயனர் கொடுத்த அளவைச் சரிபார்க்காமல் அப்படியே அனுப்புவதுதான் அங்கே பெரும்பாலும் பிழை. எவ்வளவு ரேம் சேர்த்தாலும் தீராது. இரண்டையும் 'ஒதுக்கீட்டுத் தோல்வி' என்றே சொன்னால் மாணவர் தவறான இடத்தில் தேடுவார்.

ஆசிரியர், கிண்டி:
சரி, கேமலாக் செய்வது தொடர் ஒதுக்கீடு, அது முடியாதபோது விமலாக் செய்வது மாற்று ஒதுக்கீடு, வரம்பைத் தாண்டிக் கேட்பது அளவுமீறல். ஸ்லைடு இன்று போயாக வேண்டும், மூன்று பேர் தனி மடலில் ஒப்புக்கொண்டார்கள்.

தமிழாசிரியர், மயிலாப்பூர்:
அளவுமீறலுக்கு மறுப்பில்லை. தொடர் ஒதுக்கீடு வேண்டாம், வினைத்தொகையாகப் படித்தால் ஓயாமல் ஒதுக்கிக்கொண்டே இருப்பது என்றாகிவிடும். தொடர்வது நினைவகம், ஒதுக்குகிற வேலை அல்ல. தொடர்நினைவக ஒதுக்கீடு என்றாவது போடுங்கள். பாத்தீட்டையும் நான் விட்டுவிடவில்லை, அப்புறம் எழுதுகிறேன்.