வரைபடத்தில் இல்லாத ஓடை: பூங்கா நிர்வாகக் குழுவில் ஆறு வருடம்

தேசியப் பூங்கா ஒன்றின் நிர்வாகக் குழுவில் ஆறு வருடம் இருந்தேன். அந்தப் பொறுப்பு என்றதும் பலருக்கு விலங்குகள்தான் நினைவுக்கு வரும். எங்கள் கூட்டங்களில் பெரும்பாலான நேரம் பட்ஜெட், டெண்டர், தணிக்கை அறிக்கை என்றே போனது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. காவலர்களின் சம்பளமும் ஜீப்புக்கான டீசலும் தாமதமானால் ரோந்து நின்றுபோகும்.

இரண்டாம் வருடம் ஒரு தீர்மானம் வந்தது. கழுகுகள் கூடு கட்டும் பாறைச் சரிவின் அடியில் போகும் நடைபாதையை ஐந்து மாதம் மூட வேண்டும். ஆள் நடமாட்டத்தால் தாய்ப்பறவை கூட்டை விட்டுப் பறந்தால் முட்டை குளிர்ந்துவிடும். எங்கள் எல்லோருக்கும் சம்மதம், கையெழுத்துதான் பாக்கி.

எல்லைக் கிராமத்துப் பெரியவர் ஒருவரைக் கருத்துச் சொல்ல அழைத்திருந்தோம். அவருக்கு ஒதுக்கியது ஐந்து நிமிடம். மேசையில் கிடந்த வரைபடத்தைத் தன் பக்கம் திருப்பினார். ஓடை என்று போட்டிருந்த நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து, மெல்ல இடப்பக்கம் நகர்த்தினார்.

"தண்ணி இங்க இல்லைங்க. வெள்ளம் வந்தப்புறம் இப்படி மாறிப் போயிடுச்சு. பாதையை மூடினா எங்க ஆளுங்க இந்தப் புது ஓடைக் கரையிலதான் நடப்பாங்க. அது கூட்டுக்கு நேர் மேல போகுது."

பாறையில் கூடு கட்டும் பறவைகளைக் கீழே போகிறவரைவிட மேலே நடப்பவர்தான் அதிகம் கலவரப்படுத்துவார் என்பது குழுவில் இருந்த பறவை ஆய்வாளருக்குத் தெரியும். ஓடை இடம் மாறியது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தீர்மானத்தை நிறுத்திவிட்டு மறுவாரம் நேரில் போனோம். அவர் சொன்னது அப்படியே சரி. கூட்டை விட்டு விலகி ஒரு மாற்றுப் பாதை போட்டுக் கொடுத்த பிறகுதான் பழையதை மூடினோம்.

எனக்கு இன்றுவரை உறுத்துவது வேறு. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் ஓட்டுப் போடும் உரிமை இல்லாதவர் அந்தப் பெரியவர் ஒருவர்தான். ஆஸ்திரேலியாவின் உலுரு-கட்டா ஜுட்டா பூங்காவைப் பாருங்கள். 1985-இல் நிலம் அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திரும்பி வந்தது. அவர்கள் அதைப் பூங்காவாக நடத்த 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். நிர்வாகக் குழுவின் 12 பேரில் 8 பேர் அவர்கள் நியமிப்பவர்கள். தங்களுக்குப் புனிதமான உலுரு பாறையில் ஏற வேண்டாம் என்று பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2017-இல் குழு ஒருமனதாக முடிவெடுத்தது. 2019 அக்டோபர் 26-இல் ஏறும் வழி மூடப்பட்டது. சுற்றுலா வருமானம் குறையும் என்ற பேச்சு அங்கும் இருந்ததுதான்.

எங்கள் குழுவிலும் அப்படிக் கிராமத்தாருக்கு இரண்டு இடங்கள் கேட்டு நான் கொண்டுவந்த தீர்மானம் முதல் தடவை தோற்றது. மூன்று வருடம் கழித்து ஓர் இடம் கிடைத்தது. பெரியவர் உடம்பு முடியாமல் தன் மகளை அனுப்பினார். முதல் கூட்டத்துக்கு அந்த மகள் கொண்டுவந்தது கையால் திருத்திய ஒரு வரைபடம். மாறிய ஓடைகள், இடிந்த கரைகள், கோடையிலும் தண்ணீர் நிற்கும் மூன்று பள்ளங்கள் எல்லாம் அதில் இருந்தன. அடுத்த ரோந்துக்குக் காவலர்கள் அதன் நகலைத்தான் எடுத்துப் போனார்கள்.