எதிர்வீட்டு ஹைட்டி அம்மா: உங்களுக்குத் தெரிந்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

பிளாட்புஷ்வாசி:

நியூயார்க்கில், புரூக்ளினின் பிளாட்புஷ் பக்கம் குடியிருந்தவர்களுக்கு ஒரு ஹைட்டி அம்மாவையாவது தெரியாமல் இருக்காது. எங்கள் எதிர்வீட்டில் இருந்தவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார்.

1981 கோடையில் படகில் புளோரிடாவுக்கு வந்தவர். கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி நாட்டில், ஆர்டிபோனிட் பள்ளத்தாக்கில் நெல் விளையும் ஒரு கிராமம் அவர் ஊர். அங்கே சர்வாதிகாரி ஜான்-குளோட் டுவாலியே ஆட்சி நடந்த காலம். மூன்று பிள்ளைகளைத் தன் தாயிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். படகில் வந்த ஹைட்டியரை விடாமல் அடைத்து வைக்க அமெரிக்கா ஆரம்பித்ததும் அதே ஆண்டுதான். மயாமிக்கு வெளியே குரோம் தடுப்பு முகாமில் இவரை வைத்திருந்தார்கள். 1982-இல் நீதிமன்றம் விடச் சொன்ன பிறகு ஒரு உறவினர் பொறுப்பேற்று புரூக்ளினுக்குக் கூட்டி வந்தார். முகாமைப் பற்றிக் கேட்டால் “கொசு” என்பார், அதற்கு மேல் பேச மாட்டார்.

ஊரை விட்டு வரும்போது அவருக்கு இருந்த ஒரே தைரியம் தாயார் வளர்த்த பன்றிகள். ஹைட்டி கிராமங்களில் அந்தக் கறுப்புப் பன்றிகள்தான் சேமிப்பு. பள்ளி திறக்கிற நேரத்தில் ஒன்றை விற்றால் கட்டணத்துக்கு ஆகும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலைக் காரணம் காட்டி, 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பண உதவியோடு நாடு முழுக்க நாட்டுப் பன்றிகளைக் கொன்று தீர்த்தார்கள். பதிலுக்குக் கொண்டுவந்த அமெரிக்கப் பன்றிகளுக்கு நல்ல கொட்டகை வேண்டும், காசு கொடுத்து வாங்கிய தீவனம் வேண்டும். வளர்ப்பவர் வீட்டிலேயே மண்தரைதான்! அப்புறம் என்ன, மூன்று பிள்ளைகளின் படிப்பும் இவர் அனுப்பும் டாலரை நம்பி என்றாகிவிட்டது.

வேலை, வயதானவர்களை அவர்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வது. குளிப்பாட்டுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, இரவில் கண்விழிப்பது. வீட்டுக் கூடத்தில் எப்போதும் ஒரு நீல பீப்பாய் நிற்கும். அரிசி, எண்ணெய், சோப்பு, நோட்டுப் புத்தகம், செருப்பு என்று நிரம்பியதும் கப்பலில் ஊருக்குப் போகும். அவர் தாயார் பிள்ளைகளின் பாதத்தைக் காகிதத்தில் வரைந்து, குரல் பதிந்த கேசட்டோடு அனுப்புவாராம். அந்த அளவுக்கு ஷூ வாங்கி, அது கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் கால் வளர்ந்துவிடும். அதனால் இரண்டு அளவு பெரிதாகவே வாங்கப் பழகிக்கொண்டார்.

1986-இல் வந்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தால் நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைத்தது. பிள்ளைகளை வரவழைக்க அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆயின.

நடுவில் 1990. ஹைட்டியர் யாரும் ரத்த தானம் செய்யக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொன்னது. எய்ட்ஸ் பயம் உச்சத்தில் இருந்த நேரம். அதை எதிர்த்து ஏப்ரல் 20 அன்று பல்லாயிரம் ஹைட்டியர் புரூக்ளின் பாலத்தின் மேல் நடந்தே மன்ஹாட்டனுக்குப் போனார்கள். இந்த அம்மாவும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். “ராத்திரி முழுக்க அவங்க அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கிறது இந்தக் கைதான். ரத்தம் மட்டும் ஆகாதாமா?” என்பார். ஆண்டு இறுதிக்குள் அந்தத் தடையைக் கைவிட்டார்கள். ஊர்வலக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உயரும்.

ஜனவரி 1 ஹைட்டியின் விடுதலை நாள். பிரெஞ்சுக்காரரை விரட்டிவிட்டு 1804-இல் அன்றுதான் விடுதலையை அறிவித்தார்கள். அடிமைகளாய் இருந்தபோது சமைக்க மட்டுமே விட்ட பரங்கிக்காய் சூப்பை அன்று எல்லா வீட்டிலும் குடிப்பார்கள். ‘சூப் ஜூமு’ என்று பெயர். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. இவர் கட்டடம் முழுக்கக் கொடுப்பார். எங்களுக்கு மட்டும் மாட்டிறைச்சி போடாமல் தனிப் பாத்திரத்தில் வரும். என் அம்மா ருசி பார்த்துவிட்டு, “கொஞ்சம் புளி விட்டிருக்கலாம்” என்பார், ஒவ்வொரு வருஷமும்.

அடக்கத்துக்குப் பிறகு ஒன்பது நாள் ஜெபம் நடந்தது. கடைசி நாளில் வந்தவர்கள் எல்லாம் தியாகி, தெய்வம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மூத்த மகள் சமையலறையில் என்னிடம் சொன்னாள்: “எனக்கு அஞ்சு வயசில் போனாங்க. திரும்பப் பார்த்தப்போ பதினைஞ்சு. விமான நிலையத்தில் எந்த அம்மா என் அம்மான்னு தெரியலை. கேசட்டில் கேட்ட குரலை வைச்சுத்தான் கண்டுபிடிச்சேன். ரொம்ப நாள் கோபம் இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கு.” தெய்வம் என்று சொன்ன எல்லாரையும்விட இவள்தான் தன் அம்மாவைச் சரியாகப் பேசினாள் என்று எனக்குப் பட்டது.

மயாமி மருமகள்:

படித்ததும் என் மாமியாரைக் கவனித்துக்கொண்ட ஹைட்டிப் பெண் நினைவு வந்தது. 2010 ஜனவரி 12 ஹைட்டி நிலநடுக்கத்தின்போது அவருடைய இரண்டு பையன்கள் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் இருந்தார்கள். தொலைபேசி கிடைக்காமல், ஹைட்டியர் பேசும் கிரியோல் மொழி வானொலியையே காதில் வைத்துக்கொண்டு மாமியாருக்குக் கஞ்சி ஊட்டினார். லீவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், “வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும்” என்றார். பையன்கள் பிழைத்துவிட்டார்கள். திருப்பி அனுப்பாமல் இருக்க அப்போது ஹைட்டியருக்கு அமெரிக்கா கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பில்தான் இவரால் இங்கே தங்க முடிந்தது. தற்காலிகம் என்பதால், அதை எப்போது நீட்டிப்பார்கள், எப்போது ரத்து செய்வார்கள் என்பதே அவருக்கு ஓயாத கவலையாக இருந்தது.

கேள்வி மட்டும் கேட்பவன்:

பிளாட்புஷ்வாசி அக்கா, ஹைட்டிக்காரர்களிடமும் சீட்டு உண்டாமே? அந்த அம்மா போட்டாரா?

பிளாட்புஷ்வாசி:

போட்டாராவா? நடத்தினவரே அவர்தான் தம்பி! ‘சோல்’ என்பார்கள். ஏலம், தள்ளுபடி எதுவும் கிடையாது, முறை வைத்து மொத்தத் தொகையையும் ஒருவர் எடுப்பார். எழுத்தில் ஒன்றும் இருக்காது. யார் எத்தனை கட்டினார் என்பது முழுக்க அவர் தலைக்குள். பிள்ளைகளுக்கு விமான டிக்கெட் எடுத்ததும் சோல் பணத்தில்தான். கடைசியாகத் தன் முறையை எடுத்து ஒரு மாதம்கூட ஆகாமல் போய்விட்டார். மீதித் தவணையை மகள் ஒன்றுவிடாமல் கட்டினாள். இனி நீயே நடத்து என்று அந்தப் பெண்கள் கேட்டதற்கு, “எனக்கு வங்கியில் கணக்கு இருக்கு, ஆளை விடுங்க” என்று சொல்லிவிட்டாள்.