இழை: பச்சை குத்தும் கடைச் சுவரில் தொங்கும் ‘ஃப்ளாஷ்’ தாளுக்குத் தமிழ்?

சுங்கை சிப்புட்டிலிருந்து:
குழுவினருக்கு வணக்கம். என் அக்கா மகன் இங்கே கடைவீதியில் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறான். வருகிறவர்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பிள்ளைகள். சுவரில் இருக்கும் படத்தைக் காட்டி ‘இதைப் போடு’ என்பார்கள், பொருள் கேட்பதில்லை. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் நாலு வரி விளக்கம் எழுதி அச்சடிக்கிறோம். அருவியை எதிர்த்து ஏறி டிராகன் ஆகும் கோய் மீன், நங்கூரம், குருவி, கத்தரிப்பூ, வேல் எல்லாம் தயார். தலைப்பில்தான் சிக்கல். முன்கூட்டியே வரைந்து மாட்டிவைக்கும் இந்தப் படத்தாளைத் தொழிலில் ‘ஃப்ளாஷ்’ என்கிறார்கள். தமிழில் என்ன போடலாம்? வெள்ளிக்கிழமை அச்சகம் கேட்கிறது.

ஈப்போவிலிருந்து:
தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது. தொய்யில்! சங்க மகளிர் தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் கரும்பும் கொடியும் எழுதிக்கொண்டார்களே, அது. தொய்தல் என்றால் குழைதல். குழைத்த சாந்தால் எழுதியதால் தொய்யில் என்பது என் துணிபு. தாளுக்குத் ‘தொய்யிலேடு’.

தைப்பிங்கிலிருந்து:
ஐயா, தொய்யில் குளித்தால் போய்விடும். இது அழுதாலும் போகாது. அதோடு, தொய்யிலை எங்கே எழுதினார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் யார் விளக்குவது? ‘பொறி’ பாருங்கள், முத்திரை என்று பொருள். பெரியாழ்வார் ‘கோயிற் பொறியாலே ஒற்றுண்டு நின்று’ என்று பாடியது தோளில் சக்கரம் பதித்துக்கொண்டதைத்தானே. ‘பொறியேடு’ என்று வைக்கலாம்.

கிள்ளானிலிருந்து:
டீச்சர், பொறியேடு என்றால் எலிப்பொறி விலைப்பட்டியல் என்று நினைப்பார்கள். ‘டெம்ப்ளேட்’டுக்குக் கணினியில் புழங்கும் ‘வார்ப்புரு’ போதாதா?

ஈப்போவிலிருந்து:
உலோகத்தை வார்க்கலாம். தோலை வார்ப்பார்களா?

தைப்பிங்கிலிருந்து:
சொல் கிடக்கட்டும், விளக்கத்தில் இரண்டு திருத்தம். வெறும் ‘குருவி’ போதாது, அது தகைவிலான். 5,000 கடல் மைல் கடந்த மாலுமி குத்திக்கொள்ளும் அடையாளம் என்பார்கள். தகைவு இலான், ஓய்வில்லாதவன், எவ்வளவு பொருத்தம்! அந்தியில் நம் ஊர் மின்கம்பிகளில் வரிசையாக வந்து உட்காருவதும் இந்தப் பறவைதான். கூட்டை எடுத்து விற்பதற்காகக் கடை மாடியில் ஒலிப்பதிவு போட்டுக் கூடுகட்டக் கூப்பிடுகிறார்களே, அந்தப் பறவை வேறு, உழவாரன் வகை.

கத்தரிப்பூவும் அப்படியே. சரவாக்கின் இபான் பழங்குடி இளைஞன் ஊரைவிட்டுப் ‘பெஜாலாய்’ என்னும் நெடும்பயணம் கிளம்பும்போது இரண்டு தோள்களின் முன்பக்கமும் குத்திக்கொள்வது, மூட்டையின் வார் விழும் இடத்தில். நடுவில் சுழலும் கோடு ‘தாலி ஞாவா’, உயிர்க்கயிறு. இதைச் சொல்லாமல் பூப்படம் என்று விற்கக்கூடாது.

ஈப்போவிலிருந்து:
தாலி! கயிற்றுக்கு அவர்களும் தாலி என்கிறார்கள் பாருங்கள். நம் தாலி கடல் தாண்டிப் போயிருக்க வேண்டும். தாலம், தாலாட்டு, தால் என்று இதன் வேரைத் தனியாக எழுதுகிறேன்.

கிள்ளானிலிருந்து:
ஐயா, அந்தத் தாலியை வேறு இழையில் கட்டுங்கள். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

சுங்கை சிப்புட்டிலிருந்து:
மருமகனிடமே கேட்டேன். ‘அம்மா வைத்திருக்கும் கோல நோட்டு மாதிரிதானே மாமா’ என்றான். லயத்துப் (தோட்டத்து வரிசை வீடுகளின்) பாட்டிகளின் முன்கையிலும் புள்ளி வைத்த கோலம்தான் இருந்தது. கரியைத்தான் குத்தினார்கள், தோலுக்கு அடியில் போனதும் அது நீலப்பச்சையாகத் தெரியும், பச்சை என்ற பேரும் அதனால்தான் வந்தது என்பார்கள். ‘கோல நோட்டு’ என்றே போடட்டுமா?

ஈப்போவிலிருந்து:
நோட்டு எந்த ஊர்த் தமிழ்?

தைப்பிங்கிலிருந்து:
சரி, ‘கோலத்தாள்’. பிள்ளைகளுக்குப் புரியும், ஐயாவுக்கும் கடிக்காது.

கிள்ளானிலிருந்து:
எனக்குச் சம்மதம். களைத்துவிட்டேன்.

ஈப்போவிலிருந்து:
கோலம் தரையில் போடுவது, வாசல் தெளித்துக் காலையில் போட்டு மாலையில் அழிவது. குளித்தால் போகும் என்று தொய்யிலைத் தள்ளியவர்கள் இதை மட்டும் எப்படி ஏற்கிறீர்கள்? நான் தொய்யிலேடு என்றுதான் எழுதுவேன்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:
ஐயா கேட்பது நியாயம்தான், ஆனால் தாள் அச்சுக்குப் போய்விட்டது. மேலே பெரிதாகக் ‘கோலத்தாள்’, அதன் கீழே சின்ன எழுத்தில் ‘ஃப்ளாஷ்’.

ஈப்போவிலிருந்து:
அந்தச் சின்ன எழுத்தை யாரைக் கேட்டுப் போட்டீர்கள்?